உப்பில்லாத பெருநாள்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுவதற்கும் நாற்பது வருடம் மீனுக்கு உப்புப் போட்டு விற்றவர் ஹம்மாதி. நோன்புப் பெருநாள் காலையில் அவர் கை பட்ட உப்புமீன் இல்லாமல் அந்தப் பக்கம் யார் வீட்டிலும் தட்டு நிறையாது. இன்று அவருக்கு ஒரு சிட்டிகை உப்பு கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் இதயம் தளர்ந்துவிட்டது. உப்புப் பட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். காவல் காப்பது மனைவி வஸீலா அல்லவா?

பெருநாளுக்கு அவள் உப்புமீனை மூன்று நாள் ஊறவைத்து, பத்துத் தண்ணீர் மாற்றினாள். வெங்காயமும் உலர்திராட்சையும் குழைய வதக்கிய சர்மூலாவில் உப்பே போடவில்லை. ஹம்மாதி ஒரு வாய் வைத்தார்.

"இது மீன் இல்ல வஸீலா. துவைச்ச துணி."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

அவர் தட்டை நகர்த்தினார்.

அதற்குள் பக்கத்து வீட்டு ஹலூமா உப்புமீன் தட்டோடு வந்துவிட்டாள். பெருநாள் தட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? வஸீலா வாங்கி, அடுப்படிக்குள் கொண்டுபோய் மூடி வைத்தாள். மூடி என்ன பயன், வாசனைக்குக் கதவா இருக்கிறது? ஹம்மாதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஹலூமா அவசரக்காரி. சரியா ஊற வச்சிருக்க மாட்டா."

"உள்ள போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் கேக்கல. நீ சாப்பிடு. நான் பாக்குறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து, சர்மூலாவில் தோய்த்து வாயில் போட்டாள்.

"உப்பு எப்படி?"

"கொஞ்சம் தூக்கல்."

"சொன்னேன்ல." மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "திராட்சை?"

"நல்லா வெந்திருக்கு."

"முள்ளோரமா இருக்கிற சதையை எடு. அதுலதான் ருசி."

எடுத்தாள். வாயில் வைத்தாள். அவர் கண் அவள் வாயை விட்டு நகரவில்லை. அவள் மெல்ல மெல்ல, அவர் தாடையும் லேசாக அசைந்தது.

"இன்னொரு வாய்," என்றார்.

வேறு என்ன கொடுக்க முடியும் அவளால்? சாப்பிட்டாள்.