சீட்டுக்குள் புகைந்த சிகரெட்

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் குடியிருந்தோம். என் இரண்டாவது பிள்ளைக்கு முடியிறக்க, வாடகைக் கார் பேசி, சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம். நான், என் கணவர், அவருடைய தம்பி.

தம்பிக்கு வேலை கிடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். அப்படி ஒரு மரியாதை.

நரசிம்மரைச் சேவித்துவிட்டு வந்தோம். முன்னதாகவே வந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, எங்களைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி நின்றார். என் கணவர் முன்னால் ஏறிக்கொண்டார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தூங்கிய பிள்ளையைப் பின்சீட்டில், எனக்கும் தம்பிக்கும் நடுவில் படுக்கவைத்தேன்.

ஊரப்பாக்கம் நெருங்கும்போது கருகல் வாடை அடித்தது.

"யாரோ சருகு கொளுத்துறாங்க அண்ணி" என்றார் தம்பி. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

பிள்ளை வீறிட்டு அழுதான். தூக்கினால் முதுகு கொதித்தது. சீட்டின் இடுக்கிலிருந்து புகை சுருண்டு வந்தது. "நிறுத்துப்பா" என்று கத்தினேன். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். டிரைவர் ஓடிவந்து பின்சீட்டைப் பிடுங்கி ரோட்டில் போட்டார். காற்றுப் பட்டதும் குபீரென்று பற்றியது. தண்ணீர்க் குடத்தோடு எதிரில் வந்த ஓர் அம்மாள் அப்படியே கவிழ்த்தார்.

"கொயந்தைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டுக்கொண்டே அவன் முதுகைத் தடவிப் பார்த்தார். சிவந்திருந்தது, அவ்வளவுதான். பெருமாள் காப்பாற்றினார்.

"உள்ள பூரா தேங்கா நாரு சார். ஒரு பொறி போதும்" என்றார் டிரைவர்.

தம்பி தேம்பினார். "நீங்க வர்றதப் பாத்ததும் சிகரெட்ட சீட்டுக் கிழிசல்ல சொருகிட்டேண்ணா. அணைஞ்சிடுச்சின்னு நெனச்சேன்."

என் கணவர் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "நீ புடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எம் மூஞ்சிக்கு நேரா ஊதியிருக்கலாமேடா" என்றார்.

அதன்பிறகு, தம்பி வீட்டில் இருக்கும் நாட்களில், என் கணவர் வாசல் கேட்டருகே நின்று பலமாகக் கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். தம்பி சிகரெட்டைச் சாவகாசமாக அணைத்துவிட்டு வருவார்.

இன்றும் காரில் யாராவது சிகரெட்டை எடுத்தால், "இறங்கி நின்னு புடிச்சிட்டு வாப்பா, திட்ட மாட்டேன்" என்றுதான் சொல்கிறேன். ஒளித்துவைத்தால் நெருப்பு அணையாது என்பதை என் பிள்ளையின் முதுகைத் தொட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.