இரண்டு பக்கமும் பட்டன்

எங்கள் முதுகுப் பையின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டிய நாடா அது. பட்டன்களை எட்டுப் போட்டுச் சுற்றியபடி, பதினேழு வருடம் என் தையல் கடை ஆணியில் பையோடு தொங்கியது. சுற்றியவள் என் மனைவி.

அறுபதுகளின் கடைசியில்தான் அருப்புக்கோட்டையில் கடை போட்டிருந்தேன். ஆடி அமாவாசைக்கு இருவரும் சதுரகிரி ஏறுவோம். நூலும் லைனிங் துணியும் எடுக்க மதுரைக்கும் சேர்ந்தே போவோம். மலையில் பாறையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பஸ்ஸிலோ ஆளுக்கொரு மூட்டை என்றால் கண்டக்டர் முகம் சுளிப்பார். மலைக்கு இரண்டு, பஸ்ஸுக்கு ஒன்று என்று ஒரு பை தைத்தால் என்ன என்று கேட்டது அவள்தான்.

பந்தல்குடியில் லாரிக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட தார்ப்பாயை வாங்கிவந்து, எண்ணெய் வாடை போகத் துவைத்துக் கொடுத்தாள். தைப்பதற்குள் மூன்று ஊசி உடைந்தது. முதுகில் மாட்ட வார் வைத்து, பெருமையாக நீட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாம் பழக்க தோஷம். ஆண் சட்டைக்கு வலப்பக்கம் பட்டன், பெண்பிள்ளைச் சட்டைக்கு இடப்பக்கம். என் பாதி வலது, அவள் பாதி இடது. கை பாட்டுக்கு இரண்டிலும் பட்டனைத் தைத்திருந்தது; பட்டன் நுழையும் காஜா ஓட்டை எதிலும் இல்லை.

“உங்களுக்கும் பட்டன், எனக்கும் பட்டன். காஜா யாருக்குப் போட்டீக?”

“கொடு, உன் பையில வெட்டிருறேன்.”

“ஏன், உங்க பையில வெட்டுனா ஆகாதாக்கும்?”

கடைசியில் எதிலும் வெட்டவிடவில்லை. பாவாடை நாடாவை எடுத்து இரண்டு பக்கத்துப் பட்டனையும் சேர்த்துச் சுற்றினாள். “ஒரு இழு இழுத்தா அவுந்துரும். உங்க அவசரத்துக்கு இதுதான் சரி.” அன்றிலிருந்து அந்த முடிச்சு அவள் வேலை. பக்கத்திலேயே இருப்பவளிடம் எதற்குக் கற்றுக்கொள்வது என்று இருந்துவிட்டேன். பஸ்ஸில் அந்தப் பை எங்கள் இருவர் மடியிலும் பாதி பாதியாகக் கிடக்கும். அந்தப் பாரம் வேண்டும் என்று இப்போதும் மடி கேட்கிறது.

கடைசியாக ஏறி இறங்கிய வருடம், மலையடிவாரத்தில் உட்கார்ந்து கட்டினாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஐப்பசியில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. கார்த்திகையை அவள் பார்க்கவில்லை. பையை நான் அவிழ்க்கவேயில்லை.

சென்னையில் வேலை கிடைத்திருக்கும் மகள் போன வாரம் கேட்டாள். “அம்மா பையக் குடுங்கப்பா. ஆபீசுக்கும் ஆகும், மலைக்கும் ஆகும்.” இரண்டையும் சேர்த்தே கொண்டுபோ என்றேன். “உங்களுது உங்ககிட்ட இருக்கட்டும்” என்றாள். தாயின் வாய் அப்படியே.

இத்தனை வருடத்தில் பிசுக்கேறி இறுகியிருக்கும், அவிழாது என்று எனக்கு ஒரு தைரியம் இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

மகள் தன் அம்மாவின் பாதியை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். என் பாதி ஆணியில் இருக்கிறது. நாடா இன்னும் நிமிரவில்லை. என் மனைவி சுற்றிய வளைவு அப்படியே இருக்கிறது. முடிச்சைக் கற்றுக்கொள்ளலாம் என்று இப்போது உட்கார்ந்தால், எதிர்ப்பக்கத்தில் பட்டன் இல்லை.