சிவப்பு பட்டனும் அண்டை நாட்டின் கடமையும்

"வேற நாட்டுல வெட்டிக்கிட்டா நமக்கு என்ன லா? பாலோல இருந்துகிட்டு நீ போய்த் தடுக்கப் போறியா?" நான் அனைத்துலகச் சட்டத்தைப் பாடமாக எடுத்தபோது சித்தப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை. அப்பா எங்கள் ஊர் பாலோவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்து குளுவாங் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ஜொகூர் பாரு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே ஒரு கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. வழக்கு கற்பனைதான்: ஒரு நாட்டில் இனப்படுகொலை நடக்கப்போவது அண்டை நாட்டுக்கு முன்பே தெரியும். தடுக்கும் செல்வாக்கும் உண்டு. ஆனாலும் ஆயுதம் விற்றுக்கொண்டு சும்மா இருந்தது. அது கடமை தவறியது என்று நான் வாதாட வேண்டும். வென்றால் கோலாலம்பூரில் இறுதிச் சுற்று.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் எங்கள் ஊர்ச் செல்வியக்கா. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஒரு உற்பத்தி லைனுக்குத் தலைவி. விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் கூலாயின் செம்பனைத் தோட்டங்கள் ஓடி மறையும்போது வழக்கைப் பற்றிக் கேட்டார்.

"வெட்டாதவன் மேல எப்படிம்மா கேஸ் போடுவீங்க?"

"நிறுத்தக்கூடிய இடத்துல இருந்தானேக்கா."

"அட, எங்க லைன் மாதிரி. பக்கத்துல உள்ளவ கை மெஷின்ல மாட்டப் போகுதுன்னா லைனை நிறுத்துற சிவப்பு பட்டனை யாரும் அமுக்கலாம். 'என் மெஷின் இல்ல'ன்னு நின்னா வார்னிங் லெட்டர்தான்."

"அமுக்கியும் மெஷின் நிக்கலேன்னா?"

"அமுக்குனவளை யாராச்சும் ஏசுவாங்களா? அலமாக், நீ என்ன லாயர்?"

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். நான் படித்த சட்டமும் அதையேதான் சொல்கிறது.

பதினொரு மணிக்கு என் முறை வந்தது. வாதம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன். எனக்கு முன்னால் இதே தரப்பில் வாதாடியவர், அண்டை நாடு முயன்றிருந்தால் படுகொலை நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்லி, நிரூபிக்க முடியாமல் திணறினார். நடுவர் அம்மையார் அதே கேள்வியை என்னிடமும் வீசினார்.

"எல்லாம் செய்தும் கொலைகள் நடந்திருக்கலாம் அல்லவா?"

"நடந்திருக்கலாம். வெற்றி பெறுவது கடமையல்ல. கைக்கு எட்டியதை எல்லாம் செய்வதே கடமை. ஆபத்து தெரிந்த கணமே அது தொடங்கிவிடுகிறது."

"படை அனுப்பச் சொல்கிறீர்களா?"

"இல்லை, சட்டம் அனுமதிக்கும் வழிகள் போதும். ஆயுத விற்பனையையாவது நிறுத்தியிருக்கலாம்." பிறகு சிவப்பு பட்டனைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. கோலாலம்பூருக்கு நான்தான்.

ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபடியே சித்தப்பாவை அழைத்தேன்.

"ஜெயிச்சிட்டேன், சித்தப்பா."

"யாரு, நம்ம பாலோ பிள்ளையா?"

குரலில் கேலி பாதிதான் இருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை எனக்கு. இறுதிச் சுற்றின் ஒத்திகைக்காகக் ஊர்க் கோயில் தலைவரிடமும் போனில் பேசி, அடுத்த ஞாயிறு மாலைக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன். அண்டை நாட்டின் தரப்பில் வாதாடச் சித்தப்பாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.