கோடு போட்ட போல்ட்டும் மூன்று இறக்கமும்

காலை 4.50. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை அறையிலிருந்து, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு மாடி இறங்கினேன். 2013, பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு. கிளம்பும்போதே அறைத் தோழன் இசக்கிமுத்து போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான். "ஏலே, பாதியில திரும்பி வந்தேன்னா கதவத் தொறக்க மாட்டேன், பாத்துக்க."

அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் போலீஸ் தேர்வுக்கு இருவரும் சேர்ந்துதான் 1,500 மீட்டர் ஓடினோம். அவன் ஓடி முடித்து, கயிறு ஏறுவதில் தோற்றான். நான் கடைசிச் சுற்றில் நின்றுவிட்டேன். கால் சுளுக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். சுளுக்கெல்லாம் இல்லை என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். பாலிடெக்னிக்கையும் அப்படித்தான் நான்காம் செமஸ்டரில் விட்டேன். இன்றைய சைக்கிள் பந்தயத்தில் பரிசு கிரிசு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. முழுசாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலை 5.20. ஒரகடம் ஹாஸ்டல்களுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் குட்டியானை ஒன்று நின்றது. நாற்பது ரூபாய் கேட்டார் டிரைவர். கோஸ் மூட்டைகளுக்கு மேல் சைக்கிளைப் படுக்கவைத்தேன்.

"இன்னாபா, சைக்கிள வச்சிக்கினு வண்டில ஏர்ற?"

"ரேஸ் இருக்குண்ணே. கால் அலுப்பாகக் கூடாதுல்லா."

"இன்னா ரேஸு?"

"மலையில இருந்து இறங்குறது."

அவர் கியரை மாற்றிவிட்டுச் சிரித்தார். "எறங்கறதுக்கு இன்னாத்துக்குபா ரேஸு? கைய வுட்டா அதுவா எறங்கிடப் போவுது!"

வல்லக்கோட்டை தாண்டியதும் ஞாயிறு ஓவர்டைமுக்கு ஆள் ஏற்றிய கம்பெனி பஸ்கள் வரிசையாக எங்களை முந்தின. ஒரகடம் கூட்டுச்சாலைக்குச் சற்று முன்னால் இறங்கினேன். மண் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டைக் குன்று. ஊட்டி, ஏற்காடு பார்த்தவர்கள் இதை மலை என்று சொல்ல மாட்டார்கள். எட்டு மாடி உயரம் இருந்தால் அதிகம். ஆனால் முழுக்கப் பாறையும் சரளையும் முள்ளும்.

காலை 6.30. முந்நூறு ரூபாய் கட்டி எண் 38 வாங்கினேன். மொத்தமே முப்பத்தெட்டுப் பேர்தான். பெரும்பாலும் சென்னைக்காரர்கள், காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். என் சைக்கிள், ஊர் திரும்பிய கொரிய இன்ஜினியர் ஒருவர் ஒன்பதாயிரத்துக்கு விற்றுவிட்டுப் போனது. முந்தின நாள் அதன் இருபத்து மூன்று போல்ட்டுகளையும் கச்சிதமாக முறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டிருந்தேன். தொழிற்சாலையில் எங்கள் அசெம்பிளி லைனில் அதுதான் என் வேலை. முறுக்கிக் கோடு போட்டுவிட்டால் அந்த போல்ட்டை யாரும் தொடக் கூடாது. சூப்பர்வைசர் வந்தாலும் கூடாது. இவ்வளவு பக்காவாக முறுக்கிய பிறகு ஸ்பானர் எதற்கு என்று எதையும் எடுத்துவரவில்லை. அந்த அளவு தன்னம்பிக்கை.

காலை 7.10. விசில் ஊதியதும் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவன் மாதிரி மிதித்தேன். எல்லாரையும் தாண்டி முதல் ஆளாக உச்சிக்குப் போய், நுரைதள்ளி நின்றேன். அங்கே நேரம் குறிக்க உட்கார்ந்திருந்தவர் ரோஸி அக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரர், வார நாட்களில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை.

"யாரு தம்பி ஒன்ன தொரத்திக்கினு வராங்க? ஏர்றதுக்கு டைம் கெடியாது. இருவத்தஞ்சி நிமிசத்துக்குள்ள வந்தா போதும். எறங்கறதுக்குத்தான் டைம்."

எண்டுரோ என்ற வகைப் பந்தயம் இதுதான். மூன்று தடவை ஏற வேண்டும், மூன்று வேறு பாதைகளில் இறங்க வேண்டும், இறங்கும் நேரத்தை மட்டும் கூட்டுவார்கள். ஏறுவதற்கும் நேரம் குறிப்பார்கள் என்று நினைத்து, விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். நோகாமல் பேசிக்கொண்டே ஏறி வந்தவர்கள் புத்தம் புதுசாக இறங்கினார்கள். எனக்குத் தொடை நடுங்கியது. இருபதாவது அடியிலேயே ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுந்தேன்.

காலை 8.05. இரண்டாம் ஏற்றத்தில் பக்கத்தில் வந்தவர் ஷாலினி, அடையாறில் பல் டாக்டர். சிராய்த்திருந்த என் முட்டியைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"சீட்டை ஏன் இறக்கல? இவ்ளோ ஒசரமா இருந்தா அதுதான் உங்களை முன்னால தள்ளும். இந்தாங்க, அலன் கீ."

"மார்க் போட்டாச்சுங்க" என்றேன்.

"என்னது?"

விளக்கினேன். அவர் போல்ட் திறக்கும் அந்த அலன் கீயை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நானும் வீம்புக்காரன். கோட்டை மதித்து அதே உயரத்தில் இறங்கினேன். இந்த முறை விழுந்தது பாறையில். உதடு கிழிந்தது, பின்சக்கரக் கியர் கோணிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, சீட் போல்ட்டின் மேலிருந்த மஞ்சள் கோட்டை முறைத்தேன். மூன்று வருஷத்தில் கோடு போட்ட போல்ட்டை நான் திறந்ததே இல்லை. திறந்தபோது, நம்பினால் நம்புங்கள், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சீட்டை ஒரு சாண் இறக்கி மறுபடி முறுக்கினேன்.

காலை 9.20. மூன்றாம் ஏற்றம் பாதியில், கோணிய கியரில் மாட்டிச் செயின் அறுந்தது. வெயில் ஏறியிருந்தது. பின்னால் பிக்கப் வண்டி ஒன்று ஊர்ந்து வந்தது, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள. பின்பகுதியில் ஏழெட்டுப் பேர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க பாஸ், ஏறிக்குங்க. செயினே போச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் டிரைவர்.

உண்மைதான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த முறை சுளுக்கு என்று பொய் சொல்லக்கூட அவசியமில்லை. கால் என்னை அறியாமல் வண்டிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. அந்த இரண்டு எட்டுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "நீங்க போங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். தள்ள முடியாத பாறைகளில் தூக்கினேன். ஒரு இடத்தில் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ரோஸி அக்கா கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் ஒரு நிமிசம் கீது. கொஞ்சம் குந்து."

"குந்தினா எந்திரிக்க மாட்டேன்க்கா."

இறங்குவதற்குச் செயின் வேண்டியதில்லை. சீட் தாழ்ந்திருந்ததால் உடம்பைப் பின்னால் தள்ள முடிந்தது. சைக்கிள் கல்லுக்குக் கல் தட்டித்தட்டி இறங்கியது, நான் கூடவே போனேன். விழவில்லை! கீழே சமதரையில், கடைசி நூறு மீட்டர் அது நகர மறுத்தபோது தள்ளிக்கொண்டு ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டியபின்தான் உட்கார்ந்தேன்.

பகல் 11.40. ஒருவர் செயினை ஒட்டுப்போட்டுத் தந்தார். ஸ்ரீபெரும்புதூருக்குப் பதின்மூன்று கிலோமீட்டரும் மெதுவாக மிதித்தே வந்தேன். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், மேடு பள்ளமில்லாத கரிசல். அங்கே சைக்கிளில் போகிறவன் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிறுத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி நிறுத்தி நிறுத்தியே வளர்ந்துவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசனை.

அறைக் கதவு திறந்தே இருந்தது. இசக்கி என் உதட்டைப் பார்த்தான்.

"எத்தனாவதுலே வந்த?"

"இருபத்தேழு. கடைசி."

"ஒனக்குப் பின்னால ஒருத்தனுமே இல்லையா?"

"இருந்தாங்கலே. பதினோரு பேரு. பாதியில வண்டி ஏறிப் போயிட்டாங்க."

அவன் எழுந்து போய், எனக்குக் குளிக்க வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தான்.