குடுமியான்மலையில் நான்கு விநாடி

அன்னவாசல் கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் சிவரஞ்சனி. எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் அதன் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். பெண்கள் சைக்கிள் பந்தயத்துக்கு நேரம் குறிக்க ஆள் தேடிய பி.டி. வாத்தியார் ஜஸ்டின் நேராக அவளிடம் வந்ததில் ஆச்சரியமில்லை.

சித்தன்னவாசலில் புறப்பாடு, குடுமியான்மலையில் முடிவு. நிமிஷத்துக்கு ஒருத்தியாகப் பதினெட்டுப் பேர். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு லேப்டாப். இரண்டும் ஒரே நேரம் காட்ட வேண்டும். சாட்டிலைட்டிலிருந்து நேரம் வாங்கும் கருவி திருச்சியிலிருந்து வருவதாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் கையை விரித்துவிட்டார்கள்.

"அது இல்லாமயே பாத்துக்கலாம் சார்," என்றாள்.

விடிந்ததும் இரண்டு லேப்டாப்பையும் ஒயரால் இணைத்து, ஒன்றின் நேரத்தை மற்றதற்கு ஏற்றினாள். மயிரிழை வித்தியாசமில்லை. ஒன்றை ஜஸ்டின் குடுமியான்மலைக்கு எடுத்துப் போனார். மற்றதோடு அவள் சித்தன்னவாசலில் நின்று ஒவ்வொருத்தியாக அனுப்பிவைத்தாள். கடைசியாகப் போனது கீரனூர் மில்லில் வேலை பார்க்கும் ரஞ்சிதா.

சிவரஞ்சனி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது பரிசு கொடுக்க வந்த விருந்தினர்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். கணக்கைப் போட்டாள். அன்னவாசல் ஆஃபியா முதலிடம்; இரண்டே விநாடி பின்னால் ரஞ்சிதா. கைதட்டலோடு கோப்பை ஆஃபியாவின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகுதான், எதற்கும் இருக்கட்டும் என்று லேப்டாப் இரண்டையும் மறுபடி இணைத்தாள். நான்கு விநாடி வித்தியாசம்! மூன்று மணி நேரத்தில் எந்தக் கடிகாரமும் அவ்வளவு ஓடாது. உள்ளே பதிவைத் தேடினாள். ஏழு ஐம்பத்திரண்டுக்கு, பதினோரு பேர் வந்து சேர்ந்தபின், குடுமியான்மலை லேப்டாப் ஒரே தாவாக முன்னால் போயிருந்தது.

"சார், நெட் போட்டீங்களா? இதோட மணி தானா மாறியிருக்கு."

"குரூப்புல போட்டோ அனுப்ப என் போன்லேர்ந்து குடுத்தேன். ஏம்மா, நெட்டுல வர்றது சரியான நேரந்தானே?"

"சரியான நேரந்தான் சார். ஆனா சித்தன்னவாசல்ல என்கிட்ட இருந்ததும் அதே நேரத்துக்கு மாறியிருக்கணும்ல? தானா மாத்திக்கிறத நான் நிறுத்தி வச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

பின்னால் வந்த ஏழு பேருக்கும் நான்கு விநாடி கூடுதலாக விழுந்திருந்தது. ரஞ்சிதா அவர்களில் ஒருத்தி; ஆஃபியா அதற்கு முன்பே வந்துவிட்டவள். நான்கைக் கழித்தால் ரஞ்சிதாதான் முதல்.

ஜஸ்டின் குரலைத் தாழ்த்தினார். "கோப்பை குடுத்தாச்சேம்மா. விட்டுருவோமா?"

அவள் எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். நடந்ததைச் சொல்லும்போது காது சூடாகிவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆஃபியாவின் முகம் சுண்டிப்போனது. லேப்டாப்பை எட்டிப் பார்த்து, இரண்டு தடவை விரல்விட்டுக் கூட்டிக் கழித்தாள். பிறகு கோப்பையை ரஞ்சிதாவிடம் நீட்டினாள்.

"இந்தாக்கா. அடுத்த வருஷம் திருப்பி வாங்கிக்கிறேன்."

"வா, பாப்போம்," என்று சிரித்த ரஞ்சிதா, "அய்யய்யோ, பத்து மணி ஷிப்டு!" என்று பதறினாள்.

ஆஃபியாவின் அத்தா முகமது ரபீக் அவளை மில்லில் இறக்கிவிடத் தன் லோடு ஆட்டோவில் இரண்டு சைக்கிளையும் ஏற்றினார். எந்த மேட்டில் யார் திணறியது என்று பெண்கள் இருவரும் வாதாடிக்கொண்டே போனார்கள். சிவரஞ்சனிக்கு அப்போதுதான் பசித்தது. ஜஸ்டின் வாங்கிவைத்திருந்த பொங்கல் ஆறிப்போயிருந்தது, ருசித்துச் சாப்பிட்டாள்.