பண்டாரி ஷமீலின் கண்ணில் படிந்த செம்பு

கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைக்கிறவரைக் கொச்சி மட்டாஞ்சேரியில் பண்டாரி என்போம். ஷமீல் அப்படி ஒரு பண்டாரி. தமிழ் பேசும் குடும்பம். தகப்பனாருக்குச் சுக்கு, மிளகு வியாபாரம். மகனுக்குத் தராசு பிடிக்கவில்லை, கரண்டி பிடித்தது. முப்பது வயதுக்குள் பள்ளுருத்தியிலிருந்து இடப்பள்ளி வரை அவரைத் தேடி ஆள் வந்தது. தம் உடைத்ததும் முதல் பிடியைத் தானே தின்று பார்ப்பார். அதன் பிறகுதான் பந்திக்கு விடுவார். அவர் குடித்ததில்லை, பீடிகூட இழுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் கண்டதையும் அவர்கள் வாயால் கேட்டதையும் எழுதுகிறேன், ஊர்ப்பேச்சை அல்ல.

2022 மழைக்காலத்தில் அவர் வலது கை உதறத் தொடங்கியது. பிறகு நாக்கு தடித்துப் பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. போய்ப் பார்த்த முதல் மருத்துவர் தலை நிமிராமல், "டெய்லி எத்ரயா?" என்று கேட்டார். குடிப்பதில்லை என்றதும் சிரித்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு கண்ணை எங்கே பார்ப்பது?

அந்த டிசம்பரில் ஒரு நிக்காஹ் விருந்தில் கரண்டி கைநழுவி, கொதிக்கும் நெய் தரையில் சிந்தியது. மணப்பெண்ணின் மாமன் ஓடிவந்து ஷமீலின் வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லை.

"வாசம் வராத சரக்கு இப்ப நெறய உண்டு" என்றார். இந்த அறிவை எந்தக் கடையில் வாங்கினாரோ.

பள்ளிவாசலை நடத்தும் மஹல் கமிட்டி கூப்பிட்டது. தலைவர் மொய்து ஹாஜி. எங்கள் மஹல்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள், செய்துவிட்டால் விவகாரம் அதோடு முடியும். ஷமீல் கைகால் கழுவி ஒளு செய்துவந்து கை வைத்தார். கை உதறியது. இடது கையால் அதைப் பிடித்து அழுத்தினார். இடது கையும் உதறியது.

"கண்டோ, கண்டோ! படச்சவன் முன்னால பொய் சொன்னா கை நிக்குமா?" என்றார் ஹாஜி.

கை உதறுகிறது என்று புகார் சொல்லிக் கூப்பிட்டவர்களே அந்த உதறலைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மைக்கில் அறிவிப்பு: குடிப்பழக்கமுள்ள ஷமீலை யாரும் விருந்துச் சமையலுக்கு அழைக்கக் கூடாது. வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி அன்ஸியாவின் காதிலும் அது விழுந்தது.

அன்ஸியா விடவில்லை. எரணாகுளத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் பரிசோதித்துவிட்டுக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்.

"கைக்கு மருந்து கேட்டா கண்ணப் பாக்கச் சொல்றாரு. இவருக்கும் கிறுக்குதான்" என்று அன்ஸியா படியிறங்கும்போதே திட்டினார்.

கண் மருத்துவர் திரிபுரசுந்தரி திருநெல்வேலிக்காரர். ஷமீலின் முகவாயைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருவிழி ஓரத்துல வளையம் மாதிரி செம்பு படிஞ்சிருக்கு. பொறக்கும்போதே உள்ள கோளாறு. சாப்பாட்டுல வர்ற செம்ப இவரு ஈரல் வெளிய தள்ளல. மூளையிலயும் படிஞ்சிருக்கும், அதான் நடுக்கம்."

"குடிச்சா இப்படி வருமா டாக்டர்?"

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

ரத்தமும் சிறுநீரும் அதையே சொன்னன. ஆயுள் முழுக்க மருந்து என்றார்கள். அன்ஸியா நேராக ஹாஜி வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"செம்பா? அப்ப அண்டாவோட வேலதான்" என்றார் ஹாஜி. "ஈயம் பூசாத அண்டாவுல வச்சிருப்பான்."

அந்த அண்டாவில் வெந்ததைத்தான் ஹாஜியின் மூன்று மகன்கள் கல்யாணத்திலும் ஊரே தின்றது. யார் கண்ணில் வளையம் விழுந்தது?

"போகட்டும் மோளே. ஒரு நாள் அவன வந்து சாயா குடிக்கச் சொல்லு. தீர்ந்துச்சு."

"சாயா எங்க வீட்டுலயும் உண்டு ஹாஜியாரே. மைக்ல சொன்னத மைக்லயே எடுங்க."

"பள்ளி மைக்கு வீட்டு விசயம் பேசவா?"

"அன்னிக்குப் பேசினது யாரு வீட்டு விசயம்?"

ஹாஜி உள்ளே எழுந்து போனார்.

மாதங்கள் போயின. மருந்தில் நடை தேறியது, நாக்கு இன்னும் முழுதாகத் தேறவில்லை. அழைப்பு ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அறிவிப்புகள் கேட்டோம். குடிநீர் வராத நாள், டியூஷன் நேரம். போன வெள்ளி, ஒரு கறுப்புக் குடை காணவில்லை, வளைந்த மரப்பிடி, எடுத்தவர் திருப்பித் தரவும் என்று இரண்டு முறை சொன்னார்கள்.

இரண்டாவது முறை சொன்னதும் தொழுகை வரிசையிலிருந்து ஷமீல் எழுந்தார். நேராகப் போய் மைக்கைப் பிடித்தார். கை உதறியதில் மைக் கரகரத்தது.

"நான்... குடிக்கல. என் கண்ணுல... செம்பு. நம்பாதவங்க... வந்து பாருங்க."

பள்ளி முற்றத்தில் போய் வெயிலில் நின்றார். முதலில் எங்கள் தெருக் கடையொன்றில் மிளகு சலிக்கும் அப்ஸல் போனான். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் குனிந்து பார்த்தான்.

"படச்சவனே, உண்டு! தேன் நெறத்துல உண்டு!"

ஆட்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். சிலர் ஷமீலின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கமிட்டிக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லை. மொய்து ஹாஜி கடைசி வரை படியோரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குடை அவருடையது.