வலப்பக்கத்து ஸ்பீக்கர்

'இஸ்ஸ்' என்று ஓயாமல் இரையும் ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. சவூதியில் வேலை செய்த வாப்பா, லீவில் கல்முனைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஓர் அம்ப்ளிபயரும், கசெட் டெக்கும், தன் குரலைப் பதிந்த கசெட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். பாரம் என்று ஸ்பீக்கரை மட்டும் அனுப்பவில்லை. அதைத் தெரிவு செய்யும் பொறுப்பு உம்மாவின் காக்கா, அதாவது அண்ணனான என் மாமாவிடம் போனது.

மாமா பசாரில் புடவைக்கடை வைத்திருந்தவர். வாட்ஸ் என்பது அவருக்கு முழக்கணக்கு மாதிரி, கூடினால் நல்லது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சின்ன றேடியோவில் அந்தக் கசெட்டை ஒருதரம் போட்டுக் கேட்போமே என்று உம்மா கெஞ்சியபோது, "அந்தச் சில்லறைப் பெட்டியிலயா மச்சான்ட குரலக் கேக்கிற? கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்று தடுத்துவிட்டார். கடை கடையாக ஏறி இறங்கி, ஊர்க்காரரின் ஒரு மாத லீவையும் தின்று முடித்து, கடைசியில் அவர் கொண்டுவந்தது கைக்கடக்கமான இரண்டு மலிவு ஸ்பீக்கர்கள்! "அம்ப்ளிபயர்ல பவர் கிடக்கு, இதுகள் தானாப் பாடும்" என்றார்.

ஊர்க்காரர் திரும்பிப் போகும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்கள் எங்கள் ஹோலில் கூடிவிட்டார்கள். "ஆம்புளையளுக்கு ஒண்டு, பொம்புளையளுக்கு ஒண்டு" என்று மாமா இடது ஸ்பீக்கரை ஹோலிலும், வலது ஸ்பீக்கரை உம்மாவும் சாச்சிமாரும் நானும் இருந்த உள்ளறையிலும் வைத்து, அழைப்புமணிக்குப் பூட்டும் மெல்லிய வயரைச் சுவரோடு நீளத்துக்கு இழுத்திருந்தார். அம்ப்ளிபயரிலேயே இருந்த றேடியோவைப் போட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒழுங்காகக் கதைத்தன. கசெட்டைப் போட்டதும் ஹோலில் வாப்பாவின் குரல் எழுந்தது. எங்கள் அறையில் வெறும் இரைச்சல். வாப்பா ஒரேயொரு மைக்கை இடப்பக்கத்தில் செருகிப் பதிந்திருக்கிறார், அதனால் குரல் இடது ஸ்பீக்கரில் மட்டுமே வரும் என்பது அன்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கேக்குதா மகள்?" என்று மாமா கத்துவார். "இல்ல மாமா, இரையுது" என்று நான் கத்துவேன். வயர் மெல்லிசு என்று தடித்த வயருக்கு ஆளை ஓட்டினார். அதை மாற்றியும் இரைச்சல்தான். பிறகு பவர் காணாது என்று குமிழை முழுக்கத் திருப்ப, ஹோல் ஸ்பீக்கர் வாப்பாவின் கடைசி வார்த்தைகளோடு கரகரத்து, கருகிய மணத்தோடு ஓய்ந்துபோனது. பாழாய்ப்போன அந்தக் குமிழைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது எனக்கு.

ஊர்க்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். மாமா வேறொரு கசெட்டைச் செருகி, எல்லோர் சார்பிலும் பதில் பதிந்து கொடுத்தனுப்பினார். மறுநாள் உம்மா கசெட்டை எடுத்துக்கொண்டு என்னோடு பக்கத்து வீட்டுக்குப் போனா. அந்தச் 'சில்லறைப் பெட்டி'யின் ஒற்றை ஸ்பீக்கரில் வாப்பாவின் குரல் தெளிவாக வந்தது.

"புள்ளேட உம்மா, வேலைக் கொந்தராத்து முடியுது. வரட்டா, இன்னும் ரெண்டு வருசம் நிக்கட்டா? நீங்க சொல்றதுதான்."

உம்மா அந்தப் பெட்டியைப் பார்த்து, "வாங்க" என்றா.

மாமாவின் பதிலோ முதல்நாளே போய்விட்டிருந்தது: "தங்கச்சிக்குச் சம்மதம் மச்சான், நில்லுங்க." குமிழைக் கூட்டிய சத்தத்தில் ஆண்களுக்குக் கேட்ட கேள்வி உள்ளறைக்கும் கேட்டிருக்கும், மறுப்பு வராததால் சம்மதம்தான் என்றே அவர் நினைத்திருந்தார். காக்காவைப் பொய்யராக்க மனமில்லாமல் உம்மா கடிதம் எழுதவில்லை. வாப்பா இரண்டு வருடம் நின்றார்.

இப்போது ஹோலும் உள்ளறையும் ஒரே போன் திரையில் அடங்கிவிட்டன. கசெட்டும் இல்லை, அதைக் கையில் கொண்டுபோகும் ஊர்க்காரரும் இல்லை, மாமாவும் வாப்பாவும் இல்லை. அந்த வலது ஸ்பீக்கர் மட்டும் உம்மாவின் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. வாப்பா ஊரோடு வந்த பிறகு, கோபம் வந்தாலும் பகிடி வந்தாலும் ஒன்றைத்தான் சொல்வார்: "நீங்கதானே என்ன நிக்கச் சொன்ன."

வாப்பாவின் கடைசி நாள் வரைக்கும் உம்மா, "ஓம், நான்தான்" என்றே சொன்னா.